மரத்தைப் பற்றிக் கேட்டார்கள், எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை: ஷெஃபீல்ட் தெருமரப் போராட்டம்

இங்கிலாந்தின் வட பகுதியில் இருக்கும் ஷெஃபீல்ட், எஃகுக்குப் பேர்போன நகரம். மரங்களுக்கும்தான். தெருவோரங்களில் மட்டும் சுமார் 36,000 மரங்கள் இருந்தன, பல தெருக்களில் அவை நூறு வயதைத் தொட்டவை. 2012-இல் தொடங்கி ஆறே ஆண்டுகளில் அவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை வெட்டப்பட்டன. அந்த மரங்களைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சியே, முறையாக ஒப்பந்தம் போட்டு, சாலையைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி வெட்டியது. தெருவில் குடியிருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள், கைதானார்கள், நீதிமன்றத்தில் தோற்றார்கள், ஆனாலும் கடைசியில் வெட்டுவது நின்றது, மாநகராட்சி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

நகர்ப்புறப் பசுமையைக் காப்பதில் மக்கள் பங்கேற்பு என்றால் மரக்கன்று நடுவது, பூங்காவைச் சுத்தம் செய்வது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பறவை காட்டுவது என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் ஷெஃபீல்டில் நடந்ததைப் படித்தால் கேள்வியே வேறு இடத்தில் இருக்கிறது என்று புரியும். அங்கே மக்களிடம் கருத்தே கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, வீடு வீடாகக் கடிதம் அனுப்பிக் கேட்டார்கள். கேட்டது "உங்கள் தெருவில் இந்த மரங்களை மாற்றப்போகிறோம், சம்மதமா" என்று. ஊர் முழுக்க எத்தனை மரம் என்பதை மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் அது அதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. அந்த எண்ணை ஊர்மக்கள் கண்ணால் பார்க்க ஆறு வருடம் ஆனது. நான் புரிந்துகொண்ட வரையில், இந்தச் சண்டை இத்தனை கசப்பாகப் போனதற்கு அதுதான் வேர்.

சாலைக்குப் போட்ட ஒப்பந்தம்

ஷெஃபீல்டின் சாலைகள் பல வருடங்களாகக் குண்டும் குழியுமாகக் கிடந்தன, அதில் மறுபேச்சு இல்லை. சரிசெய்யக் கையில் பணம் இல்லாத மாநகராட்சி, 2012-இல் ஏமி என்ற தனியார் நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 220 கோடி பவுண்ட். நிறுவனம் முதலில் முதலீடு போட்டு முதல் சில ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி வேலையை முடித்துவிடும், அப்புறம் கால் நூற்றாண்டு பராமரிக்கும், மாநகராட்சி தவணை தவணையாகக் கட்டும், மத்திய அரசும் பெரிய பங்கு தரும். சுமார் 1,900 கிலோமீட்டர் சாலை, நடைபாதை, தெருவிளக்கு, பாலம் எல்லாம் இதில் அடக்கம். தெருமரமும் அடக்கம்.

மரத்தின் தலையெழுத்து மாறியது இந்தக் கடைசி வரியில்தான். சாலையோர மரம் சட்டப்படி சாலைக்குரிய சொத்து, விளக்குக் கம்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதே பட்டியலில் அதுவும் இருக்கும். இப்போது 25 ஆண்டு பராமரிப்பைக் குறிப்பிட்ட தொகைக்கு ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனத்தின் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய மரம் என்றால் வேர் நடைபாதையைத் தூக்கும், ஓரக்கல்லை நகர்த்தும், சில வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பிச் சரிசெய்ய வேண்டும், கிளை கழிக்க வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும். அதை வெட்டிவிட்டு ஒரு கன்றை வைத்தால்? கன்றின் வேர் நடைபாதையைத் தூக்கும் அளவுக்குப் பெருப்பதற்குள் ஒப்பந்தக் காலமே முடிந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செயல்படத் தேவையே இல்லை, ஒப்பந்தத்தின் அமைப்பே பெரிய மரத்துக்கு எதிராக இருந்தது.

மாநகராட்சியிடம் அதற்கு முன்பே ஒரு மரக் கணக்கெடுப்பு இருந்தது, 2006-07 வாக்கில் வெளி ஆலோசகர்களை வைத்து எடுத்தது. மரங்களில் பெரும்பகுதி முதிர்ந்தவை என்று அது சொன்னது உண்மை. ஆனால் வெட்ட வேண்டியவை என்று அது சொன்னது சுமார் ஆயிரத்தை மட்டும்தான், இன்னும் பத்தாயிரத்துக்கு ஏதாவது ஒரு பராமரிப்பு வேலை தேவை என்றது. முதிர்ந்த மரம் என்றால் சாகப்போகும் மரம் என்று அர்த்தம் இல்லை. லைம் (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்றும் சொல்லப்படும் பெரிய நிழல் மரம்), ஓக், எல்ம் போன்றவை நூறு வயதில் நல்ல வாட்டசாட்டமாக நிற்கக்கூடியவை. அந்தக் கணக்கெடுப்பில் இருந்த ஆயிரம் எப்படி ஒப்பந்தத்துக்குள் பல மடங்காகப் பெருகியது என்பது பிற்பாடு விசாரணைக்கே வர வேண்டியிருந்தது.

எந்த மரத்தை வெட்டலாம் என்பதற்கு மாநகராட்சி ஆறு காரணம் வைத்திருந்தது: பட்டுப்போனது, பட்டுக்கொண்டிருப்பது, நோய் பிடித்தது, ஆபத்தானது, சேதம் செய்வது, நடப்பவர்களில் சிலரைப் பாகுபடுத்துவது. முதல் நான்கில் யாருக்கும் சண்டை இல்லை. பாகுபாடு என்று அவர்கள் சொன்னது, நடைபாதையை மரம் அடைத்துக்கொண்டு சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போக முடியாமல் செய்வதை. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது, நடக்கச் சிரமப்படுபவருக்கு மேடுபள்ளமான நடைபாதை உண்மையிலேயே ஆபத்து. சிக்கல் என்னவென்றால், 'சேதம்' என்பதற்கு அளவுகோலே இல்லை. ஓரக்கல் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தாலும் சேதம்தான். அந்த ஒரு சொல்லுக்குள் ஆரோக்கியமான மரங்கள் ஆயிரக்கணக்கில் போய் விழுந்தன.

ஒரு மரத்துக்கு ஒரு மரம் வைக்கிறோமே, அப்புறம் என்ன நஷ்டம் என்று மாநகராட்சி திரும்பத் திரும்பச் சொன்னது. எண்ணிக்கையில் நஷ்டம் இல்லைதான். ஆனால் மரம் தரும் நிழல், குளிர்ச்சி, மழைநீரைத் தாங்கி மெதுவாக விடுவது, தூசியைப் பிடிப்பது எல்லாம் இலைப்பரப்பைப் பொறுத்தவை. வளர்ந்த லைம் மரத்தின் இலைப்பரப்பை எட்ட ஒரு கன்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் தெருவோரத்துக் கெட்டி மண்ணில் பிழைத்தால். நகர மரங்களுக்குப் பணமதிப்புப் போட பிரிட்டனில் 'கேவட்' என்றொரு முறை உண்டு. அடிமரத்தின் குறுக்குப் பரப்பை வைத்து ஆரம்பித்து, எத்தனை பேர் கண்ணில் படும் இடம், மரம் எத்தனை நலமாக இருக்கிறது, இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று படிப்படியாகக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் பெரிய தெருமரம் ஒன்றின் மதிப்புப் பல ஆயிரம் பவுண்டைத் தொடும், கன்றின் மதிப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஒப்பந்தத்தில் இரண்டும் 'ஒன்று'.

ரஸ்ட்லிங்ஸ் சாலை

எதிர்ப்பு பெரிதாக வெடித்தது எண்ட்கிளிஃப் பூங்காவை ஒட்டிய ரஸ்ட்லிங்ஸ் சாலையில். 2015-இல் அங்கிருந்த லைம் மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் குடியிருப்பவர்கள் கூடினார்கள், மனு போட்டார்கள், பத்தாயிரத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் இதே போலச் சிறு சிறு குழுக்கள் முளைத்தன. அவையெல்லாம் சேர்ந்து அதே ஆண்டு 'ஸ்டேக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஷெஃபீல்ட் மரச் செயல்பாட்டுக் குழுக்களின் கூட்டமைப்பு ஆனது. தலைமை அலுவலகம் வைத்து மேலிருந்து கட்டிய அமைப்பு கிடையாது, ஒவ்வொரு தெருவும் தன் மரத்தைப் பார்த்துக்கொண்டது, செய்தியையும் அறிவையும் மட்டும் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த அறிவு சாதாரணமானது இல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தாவரவியல் தெரிந்தவர்கள், சட்டம் படித்தவர்கள், ஆவணம் தோண்டிப் பழக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் இருந்தார்கள். செல்சி சாலையில் நின்ற எல்ம் மரத்தைச் சொல்ல வேண்டும். எல்ம் நோய் பரவி பிரிட்டனில் கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் செத்துப்போனபோதும் பிழைத்து நின்ற ஹண்டிங்டன் வகை அது. எல்ம் மரத்தை மட்டுமே நம்பி வாழும் வெள்ளை எழுத்து ஹேர்ஸ்ட்ரீக் என்ற சிறு பட்டாம்பூச்சி அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இதைக் கவனித்துச் சொன்னது மாநகராட்சியின் கோப்பு இல்லை, அந்தத் தெருவில் போய் வந்தவர்கள். 2016-இல் இங்கிலாந்தின் 'ஆண்டின் சிறந்த மரம்' போட்டியில் அது இரண்டாம் இடம் பெற்றது. அதன் பிறகும் அது வெட்டும் பட்டியலில்தான் இருந்தது.

வெஸ்டர்ன் சாலையில் இன்னொரு வகை மரங்கள். முதல் உலகப் போருக்குப் போன உள்ளூர்ப் பள்ளியின் பழைய மாணவர்களுக்காக 1919-இல் நட்டவை. அந்த நினைவு மரங்களில் பலவற்றையும் வெட்ட 2017 டிசம்பரில் மாநகராட்சி ஒப்புதல் கொடுத்தது. நடைபாதை சரியில்லை என்பது காரணம். அந்தத் தெருவில் நடந்த கோபத்தைச் சுற்றுச்சூழல் ஆர்வம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, மரத்துக்குள் ஊரின் நினைவும் இருந்தது, அதை ஒப்பந்தத்தின் எந்தக் கட்டத்திலும் எழுத இடம் இல்லை.

கேட்டார்கள், ஆனால்

எதிர்ப்பு வலுத்ததும் 2015 கடைசியில் மாநகராட்சி இரண்டு காரியம் செய்தது. மரம் வெட்ட இருக்கும் தெருக்களில் வீட்டுக்கு வீடு கருத்துக்கணிப்பு. பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தால் விஷயம் ஒரு சுயாதீன மரக் குழுவுக்குப் போகும், குழு பார்த்து ஆலோசனை சொல்லும், முடிவு மாநகராட்சியின் கையில். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. உண்மையாகவே அந்தக் குழு வேலை செய்தது, தெருத்தெருவாகப் போய் மரத்தைப் பார்த்தது, பல நூறு மரங்களைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. அந்த ஆலோசனைகளில் பெரும்பாலானவற்றை மாநகராட்சி ஏற்கவில்லை.

ரஸ்ட்லிங்ஸ் சாலையில் இது எப்படி முடிந்தது என்பதை ஊரில் யாரும் மறக்கவில்லை. 2016 நவம்பர் 17, விடிவதற்கு முன், ஐந்து மணி வாக்கில் வேலையாட்களும் காவலர்களும் வந்தார்கள். கதவைத் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னார்கள். சுயாதீனக் குழு எட்டில் ஏழு மரங்களைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருந்தது. அந்த ஆலோசனையையும், அதை ஏற்கவில்லை என்ற முடிவையும், வெட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அதே அதிகாலையில்தான் இணையத்தில் ஏற்றினார்கள். எட்டு மரமும் போனது. தடுக்க முயன்றதாக எழுபது வயதை எட்டிய இரண்டு பெண்கள் கைதானார்கள். அவர்கள் மேல் போட்ட வழக்கு 1992-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் போடப்பட்டது, வேலைநிறுத்தக் காலத்துக்கென்று இருக்கும் பிரிவு. சில மாதங்களில் அந்த வழக்கைக் கைவிட்டார்கள். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் முன்னாள் துணைப் பிரதமருமான நிக் கிளெக், இது புட்டினின் ரஷ்யாவில் நடக்கக்கூடியது என்று கண்டித்தார்.

ஒரு தெருவைக் கருத்துக் கேட்டுவிட்டு, நிபுணர்களையும் கேட்டுவிட்டு, பிறகு இருட்டில் வந்து வெட்டுவது, கேட்காமலே வெட்டுவதை விட மோசம். கேட்காமல் வெட்டினால் மரம் போகும். இப்படிச் செய்தால் மரத்தோடு சேர்ந்து, அடுத்த முறை யாராவது கருத்துக் கேட்டு வந்தால் நம்பிப் பதில் சொல்லும் மனமும் போய்விடும். இத்தனை வருடம் மாநகராட்சிக்குப் பயந்தவர்களோ எதிரிகளோ அல்லாத, வரி கட்டி, ஓட்டுப் போட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் தெருவில் இறக்கியது அந்த அதிகாலை.

மரத்தடியில் நிற்பது

நீதிமன்ற வழி 2016-லேயே மூடிவிட்டது. ஒரு குடியிருப்பாளர் போட்ட வழக்கில் முதலில் தற்காலிகத் தடை கிடைத்தது, ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாநகராட்சிக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது. சாலையைப் பராமரிக்கும் கடமையும் அதிகாரமும் சட்டப்படி மாநகராட்சிக்கு, தெருமரத்தை வெட்டும் முன் இன்னின்னபடி கலந்தாலோசிக்க வேண்டும் என்று அன்றைய சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது உடம்பு. மரம் வெட்டும்போது அது விழக்கூடிய வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது அடிப்படைப் பாதுகாப்பு விதி, அதை மீறி எந்த வேலையாளும் இயந்திரத்தைக் கையில் எடுக்க மாட்டார். அப்படியானால் வட்டத்துக்குள் ஒருவர் அமைதியாக நின்றாலே போதும், அன்றைக்கு வேலை நடக்காது. வேலி போடும் முன்பே உள்ளே போய் நிற்பது, வேலியைத் தாண்டிக் குதிப்பது, மரத்துக்கு அருகிலுள்ள வீட்டின் தோட்டச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டி நிற்பது என்று முறைகள் வளர்ந்தன. கடைசியாகச் சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு, வீட்டுக்காரரின் அனுமதியோடு தனியார் இடத்தில் நிற்பவரைச் சாலைப் பணியாளர்கள் அப்புறப்படுத்த முடியாது. எந்தத் தெருவுக்கு இன்று வண்டி வருகிறது என்று பார்த்துச் சொல்ல ஆட்கள், சொன்னதும் கிளம்பி வர ஆட்கள், குளிரில் நிற்பவர்களுக்குத் தேநீர் கொண்டுவர ஆட்கள். இதில் எதற்கும் பெரிய பணம் தேவைப்படவில்லை. நேரம் தேவைப்பட்டது, நிறைய.

2017 ஆகஸ்டில் மாநகராட்சி உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. பாதுகாப்பு வட்டத்துக்குள் நிற்பதும் பிறரைத் தூண்டுவதும் நீதிமன்ற அவமதிப்பு ஆனது. பசுமைக் கட்சியின் கவுன்சிலர் ஒருவரையே அவமதிப்பு வழக்கில் நிறுத்தினார்கள், அவர் விடுவிக்கப்பட்டார். வேறு சிலருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2018 தொடக்கத்தில் பாதுகாப்பு நிறுவன ஆட்கள், உயரமான வேலிகள், சில நாட்களில் முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் என்று நிலைமை முற்றியது. ஒரு தெருமரத்தை வெட்ட முப்பது காவலர் என்பதை நாடே பார்த்தது. மார்ச் மாதம் மாநகராட்சி வேலையை நிறுத்திவைத்தது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள், பழைய முறையில் அது மீண்டும் தொடங்கவே இல்லை.

மரத்தடியில் நின்றவர்கள் மரத்தைக் காப்பாற்றினார்கள் என்று சொல்வது பாதி உண்மை. அவர்கள் வாங்கியது நேரம். ஒப்பந்தத்தின் முதல் கட்டத்துக்குக் காலக்கெடு இருந்தது, நாட்கள் தள்ளத் தள்ள நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் செலவு ஏறியது. அந்த நேரத்தில் வேறு சிலர் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

17,500

ஒப்பந்தம் ஆயிரக்கணக்கான பக்கம். பொதுவெளியில் கிடைத்த பிரதியில் முக்கியமான இடங்கள் கறுப்பு மையில் மறைக்கப்பட்டிருந்தன, வணிக ரகசியம் என்ற காரணத்தில். எத்தனை மரம் வெட்ட இலக்கு என்று கேட்டபோதெல்லாம் அப்படி ஒரு இலக்கே இல்லை என்று பதில் வந்தது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, மறுத்தால் மேல்முறையீடு செய்து, விடாமல் போனார்கள். 2018-இல் அந்தப் பகுதி வெளியே வந்தது. ஆண்டுக்கு 200-க்குக் குறையாமல், ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் 17,500 தெருமரங்களை மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. ஊரின் தெருமரங்களில் ஏறக்குறைய பாதி.

அது இலக்கு அல்ல, தேவைப்பட்டால் அத்தனை மரம் வரை மாற்ற நிறுவனம் கூடுதல் பணம் கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று மாநகராட்சி விளக்கியது. ஒப்பந்த மொழியைத் தெரிந்தவர்கள் அந்த விளக்கத்திலும் ஓரளவு பொருள் காணலாம். ஆனால் வாக்கியத்தைப் படித்த சாதாரண ஆளுக்கு வேறு மாதிரித் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது, இல்லவே இல்லை என்று இத்தனை நாள் சொன்ன எண் கண்ணெதிரே இருக்கிறது.

இதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு நடந்த கருத்துக்கணிப்பைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஆறு, எட்டு, பத்து மரம். ஒவ்வொரு தெருவும் தன் கணக்கை மட்டும் பார்த்தது. எட்டு மரம்தானே, புதிதாக வைக்கிறார்களாம், நடைபாதை நன்றாக இருக்கும் என்று சம்மதித்தவர்கள் பலர், அவர்கள் முட்டாள்கள் இல்லை. மொத்த எண் முன்னால் இருந்திருந்தால், ஊரில் பாதி மரம் போகப்போகிறது, உங்கள் தெருவில் எட்டு என்று கடிதத்தில் எழுதியிருந்தால், அதே ஆட்கள் வேறு பதில் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேள்வியைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்டால் பதிலும் துண்டாகத்தான் வரும்.

மாற்று வழிகளின் கதையும் இப்படித்தான். வேர் தூக்கிய நடைபாதைக்கு மரத்தை வெட்டுவதைத் தவிர எத்தனையோ வழி உண்டு. ஓரக்கல்லை மெல்லிதாகச் செதுக்கி வேரை ஒட்டிப் பதிக்கலாம், அந்த ஓரிடத்தில் மட்டும் ஓரக்கல்லை எடுத்துவிடலாம், தாரைச் சரிவாகப் போடலாம், வளைந்து கொடுக்கும் ரப்பர் கலந்த தளம் போடலாம், நடைபாதையைச் சாலைப் பக்கம் சற்று வெளியே இழுக்கலாம். இவற்றில் பதினான்கு வழிகள் கூடுதல் செலவில்லாமல் ஒப்பந்தத்திலேயே இருக்கின்றன என்று மாநகராட்சி சொல்லிவந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான மரங்கள் விஷயத்தில் அவை எட்டிப்பார்க்கவே இல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் தெருவில் டேப் வைத்து அளந்து, இந்த மரத்துக்கு இந்த வழி போதும் என்று எழுதி எழுதிக் கொடுத்தது ஏன் முக்கியம் என்றால், வெட்டாதே என்ற குரலுக்குப் பக்கத்தில் இப்படிச் செய் என்ற காகிதமும் இருந்தது. பிற்பாடு பேச்சுவார்த்தை மேசைக்கு அவர்களைக் கூப்பிட முடிந்ததற்கு அந்தக் காகிதங்கள் பெரிய காரணம்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

2018 செப்டம்பரில் ஷெஃபீல்டின் ஆயர் நடுநிலையாக இருந்து பேச்சுவார்த்தை தொடங்கியது. மாநகராட்சி, ஏமி, ஸ்டேக் மூன்று தரப்பும் ஒரே மரத்தடியில் ஒன்றாகப் போய் நின்று, இதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். கூட்டாய்வு என்று இதைச் சொன்னார்கள். வெட்டியே ஆக வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லப்பட்ட, கடைசியாகப் பட்டியலில் மிஞ்சியிருந்த மரங்களில் பெரும்பாலானவை சிறு வேலைகளோடு நிற்கலாம் என்று முடிவானது. செல்சி சாலை எல்ம் நின்றது. டோர் என்ற பகுதியில் இருந்த, வெர்னன் ஓக் என்று அழைக்கப்பட்ட மரமும் நின்றது. வெஸ்டர்ன் சாலையின் நினைவு மரங்களில் பெரும்பாலானவையும் நின்றன. அப்புறம் காட்டுயிர் அறக்கட்டளை, வனப்பாதுகாப்பு அமைப்பு போன்றவற்றையும் சேர்த்து ஒரு கூட்டமைப்பு உருவானது, 2021-இல் நகருக்கான தெருமரத் திட்டம் ஒன்றைச் சேர்ந்தே எழுதினார்கள்.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்றும் நடந்தது. மாநகராட்சிக்குள் ஒரு சில கவுன்சிலர்கள் கொண்ட அமைச்சரவை எல்லாவற்றையும் முடிவு செய்யும் முறை வேண்டாம், கவுன்சிலர்கள் எல்லாரும் குழுக்களாக முடிவெடுக்கும் முறை வேண்டும் என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்தோடு கேட்டு, ஷெஃபீல்ட் மக்கள் பொதுவாக்கெடுப்பில் சுமார் 65 சதவீதத்தில் வென்றார்கள். அது மரங்களுக்காக மட்டும் நடந்த வாக்கெடுப்பு இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு மரங்கள் தீனி போட்டன என்பதில் சந்தேகம் இல்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிகப் பெரிய மாற்றமாகப் படுவது இதுதான்: மரத்தைக் காக்க இறங்கியவர்கள், முடிவெடுக்கும் முறையிலேயே கை வைக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள்.

ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைவராக இருந்த சர் மார்க் லோகாக் தலைமையில் ஒரு சுயாதீன விசாரணை நடந்தது. 2023 மார்ச் 6 அன்று அறிக்கை வந்தது. மாநகராட்சித் தலைமையின் கடுமையான, நீண்டகாலத் தோல்வி என்று அது சொன்னது. மக்களிடமும் சுயாதீனக் குழுவிடமும் உண்மை சொல்லப்படவில்லை, நீதிமன்றமே இருமுறை தவறாக வழிநடத்தப்பட்டது என்றும் சொன்னது. ஜூனில் மாநகராட்சி முழுமையான மன்னிப்பை வெளியிட்டது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பு பலமாக இருந்தது பெரும்பாலும் ஊரின் தென்மேற்குப் பகுதியில், வசதியும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள் அதிகம் இருக்கும் பக்கம். பகலில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய தெருக்களில் காலை ஏழு மணிக்கு மரத்தடியில் நிற்க ஆள் கிடைப்பது கஷ்டம். உடம்பை வைத்துக் காக்கும் முறை, உடம்புக்கு ஓய்வு இருக்கும் தெருவைத்தான் காக்கும். அதனால்தான் எத்தனை மரம் என்ற எண்ணும், அதற்கான விதியும் ஒப்பந்தத்தில் சரியாக எழுதப்பட வேண்டும் என்கிறேன், எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி பொருந்துவது அது மட்டும்தான்.

பிளிமத், அப்புறம் சட்டம்

லோகாக் அறிக்கை வெளியாகி எட்டே நாள். 2023 மார்ச் 14 இரவு, இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள பிளிமத் நகரில், ஆர்மடா வே என்ற மையச் சாலையில் சுமார் 110 மரங்களை மாநகராட்சி ஒரே இரவில் வெட்டிச் சாய்த்தது. நீதிமன்றத்துக்குப் போய் மக்கள் தடை வாங்கியபோது மிஞ்சியவை பதினைந்து பதினாறு. அந்த மாநகராட்சித் தலைவர் பதவி விலக வேண்டியதாயிற்று. ஷெஃபீல்டின் அறிக்கை பத்திரிகைகளில் சூடாக இருந்த வாரத்தில் நடந்தது இது.

அந்த ஆண்டு நவம்பர் 30 முதல், 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் தெருமரத்தை வெட்டும் முன் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிப்பது கட்டாயம். பட்டுப்போனவை, ஆபத்தானவை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2016-இல் ஷெஃபீல்ட் குடியிருப்பாளர் நீதிமன்றத்தில் தோற்ற ஓட்டையை இது ஓரளவு அடைக்கிறது. ஆனால் சட்டம் கேட்கச் சொல்கிறது, கேட்டபடி செய்யச் சொல்லவில்லை. அதோடு கலந்தாலோசனை ஒவ்வொரு மரத்துக்கும் வருகிறது, 25 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அதில் மரங்களுக்கு என்ன எண் எழுதுகிறார்கள் என்பதற்கு வருவதில்லை. ஷெஃபீல்டின் ஒப்பந்தம் 2037 வரை ஓடும். வேறு நகரங்களிலும் இப்படி நீண்டகால ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் சாலையையோ பூங்காவையோ யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வரைவு நிலையிலேயே மரங்கள் பற்றிய பகுதியை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மரம், யார் முடிவு செய்வது, வெட்டாமல் காப்பாற்றினால் கூடும் செலவு யார் தலையில். மறைத்த பகுதி இருந்தால் அதைத் திறக்கச் சொல்லி அன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், பதில் வர மாதங்கள் ஆகும்.